பாதுகாப்புக்கும் கெடு வேண்டும்: பியட் கார் தரும் பாடம்

பழைய பியட் காரைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் பாசம்தான் மேலோங்கி நிற்கிறது. பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அந்த வண்டியில், மும்பையின் கடைசி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். அங்கே டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டு என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அந்தக் கறுப்பு மஞ்சள் வண்டி தெருவில் ஓட வழியில்லாமல் போனது. அன்று நாடெங்கும் அஞ்சலிக் கட்டுரைகள் வந்தன. அந்தக் காலத்து வண்டி என்றால் வண்டி, நாற்பது வருஷம் அசையாமல் நின்றது என்பதே அவற்றின் சாரம். பாசத்தில் பிழை இல்லை, பாராட்டில்தான் பிழை. ஒரே வடிவம், ஏறக்குறைய ஒரே எஞ்சினோடு அத்தனை காலம் விற்பனையில் இருந்தது என்றால், வாங்குகிறவனுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று பொருள். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டிய ஊர்களில் கோவில்பட்டி முதல் வரிசையில் நிற்கிறது. வெளிநாட்டு லைட்டரிடமிருந்து தன் தீப்பெட்டியைக் காப்பாற்றித் தரும்படி டெல்லியிடம் கேட்டு, கேட்டதில் ஒரு பகுதியைப் பெற்றும் இருக்கிற ஊர் இது. பாதுகாப்பு கிடைத்த தொழில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதற்கு பியட்டைவிடத் தெளிவான முன்னுதாரணம் நம் நாட்டில் இல்லை.

முதலில் அந்தக் காருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1953 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் பியட் 1100-103 அறிமுகமானபோது அது காலத்துக்கு முந்திய வண்டி. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தாந்தே ஜியகோசா. 1936இல் வந்த தொப்பொலினோ, 1957இல் வந்த புதிய 500 ஆகிய புகழ்பெற்ற சின்ன கார்களும் அவர் கைவண்ணமே. அதற்கு முந்திய 1100இல் அடிச்சட்டம் தனி, அதன்மேல் ஏற்றி வைத்த கூடு தனி. 1953 வண்டியில் இரண்டையும் ஒன்றாக்கி, கூட்டையே சட்டமாக மாற்றினார்கள். எடை குறைந்தது, உள்ளே இடம் கூடியது. 1089 சிசி எஞ்சின், முன்சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுருள்வில், பின்னால் பட்டைவில், நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளத்தில் நான்கு கதவு. கியர் கம்பியை ஸ்டியரிங் தண்டிலேயே பொருத்தியதால் முன்சீட்டு ஒரே பலகையாக நீண்டது. ஓட்டுநரோடு இன்னும் இருவர் நெருக்கி உட்காரலாம். போரில் நொந்து எழுந்துகொண்டிருந்த இத்தாலியில், ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறத் துடித்த நடுத்தரக் குடும்பத்துக்காகப் போட்ட கணக்கு அது.

அந்தக் குடும்ப வண்டி நம்மிடம் வந்ததும் கனவான்களின் வண்டியாகிவிட்டது. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனம், மும்பை குர்லா ஆலையில் முதலில் அமெரிக்க கார்களைப் பூட்டி விற்றது. பிறகு பியட்டோடு கைகோத்தது. வெளியிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. கார் வேண்டும் என்பவருக்குக் கடைசியில் மிஞ்சியவை மூன்று: அம்பாசிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. 1980களின் தொடக்கத்தில்கூட நாடு முழுவதும் ஆண்டுக்குத் தயாரான கார்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது 12,000 ரூபாய் பியட் ஒன்றை வாங்க 5,000 ரூபாய் வங்கிக் கடன் வாங்கினார்; அவர் மறைந்த பின் அந்தக் கடனை அவர் மனைவி அடைத்தார். சாஸ்திரியின் நேர்மைக்குச் சான்றாக இதை எல்லோரும் சொல்கிறோம். நாட்டின் பிரதமரே கடன்பட்டு வாங்க வேண்டிய விலையில் ஒரு ‘குடும்ப கார்’ இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. கரிசல் சீமையில் மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் நம்பியிருந்த சம்சாரிக்கு அது எட்டாத உயரம். மில் முதலாளி, தீப்பெட்டி ஆபீஸ் (இங்கே ஆலையை அப்படித்தான் சொல்வோம்) முதலாளி, டாக்டர், வக்கீல் என்று ஊருக்குச் சில வீட்டு வாசலில் நின்றது. மற்றவர்களுக்குப் பஸ்ஸும் மாட்டுவண்டியும்தான்.

நாம் இப்படி வரிசையில் நின்ற காலத்தில், பியட்டின் தாயகமான துரின் நகரத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் பக்கத்திலேயே இணைத்து, முன்சக்கரங்களை ஓட வைக்கும் அமைப்பை ஜியகோசா உருவாக்கினார். தோற்றால் பியட்டின் பெயர் கெடக்கூடாது என்று 1964இல் அதை ஔட்டோபியாங்கி என்ற துணைப் பெயரில் விட்டுப் பார்த்தார்கள். தேறியதும் 1969இல் பியட் 128 வந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. இன்று உலகில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள். இத்தாலியில் 1100 அத்தோடு விடைபெற்றது. நம்மிடமோ 1974இல் அதே வண்டிக்கு பத்மினி என்று புதுப் பெயர் சூட்டினோம். முன்முகக் கம்பிவலை மாறியது, இருக்கைத் துணி மாறியது; நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முதல் கியரில் சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டி ஆகியவை அப்படியே தொடர்ந்தன. ஏற்றத்தில் திணறும் வண்டியை முதல் கியருக்கு இறக்க கிளட்சை இரண்டு மிதி மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சற்று ஏற்றி, சத்தம் கேட்டுப் போட வேண்டும். இதைத் தெரிந்தவனே நல்ல டிரைவர் என்ற பெயர் நிலைத்தது. வண்டியின் குறையை ஓட்டுநரின் திறமையாக மாற்றிக் காட்டுவது போட்டியில்லாத சந்தையின் சாமர்த்தியம். பியட் 124இன் கூட்டில் நிசான் எஞ்சினைப் பொருத்தி அடுத்த காரை பிரீமியர் கொண்டுவந்தது 1985இல். 124 இத்தாலியில் பிறந்தது 1966இல். குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் பெருவாரியான இந்தியர்களிடம் வந்து சேர்ந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 வழியாக. பியட்டோடு முப்பது வருஷம் உறவு இருந்தும், அதன் மிகச் சிறந்த யோசனை நமக்கு ஜப்பான் வழியாகவே கிடைத்தது.

பியட்டின் எளிமைதான் நம் ஊருக்கு ஏற்றது, புளியமரத்தடி மெக்கானிக்கே அதைப் பிரித்து மாட்டினாரே என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். நாலைந்து ஸ்பேனரில் பாதி வேலை முடியும். இன்றைய வண்டிகளில் கணினியைச் சொருகினால்தான் நோய் தெரியும் என்ற நிலை நல்லதல்ல. அந்த அளவில் பழைய வண்டியை நினைத்து ஏங்குவது நியாயமே. ஆனால் பழுது பார்க்க எளிது என்பது ஒன்று, ஊருக்கேற்ப மாற்றினோம் என்பது வேறொன்று. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை வருஷா வருஷம் அலை அலையாக நெளியும். அந்தச் சாலைக்கென்று பியட்டின் முன்பக்க அமைப்பைத் திருத்தினார்களா? கிங் பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடியுங்கள் என்றுதான் சொன்னார்கள். தெற்கே வாடகைக்கு ஓடியவர்கள் பியட்டை விட்டு அம்பாசிடரைப் பிடித்துக்கொண்டது சும்மா அல்ல. இதே பியட்டிடம் 1966இல் ஒப்பந்தம் போட்ட சோவியத் நாடு 124ஐ வாங்கியதும் தன் சாலைக்கேற்பப் பிரித்து மேய்ந்தது: தகட்டைத் தடிப்பாக்கியது, வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தியது, சேற்றில் தாங்காது என்று பின்பக்க டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தது, எஞ்சினையே மாற்றியது. பிறகு அவர்களும் அதே வண்டியைப் பல பத்தாண்டுகள் இழுத்தடித்தார்கள் என்பது வேறு கதை. தொடக்கத்தில் செய்த அந்த வேலையைக்கூட நாம் செய்யவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. சந்தையைத் திறந்து விட்டிருந்தால் இங்கே தொழிலே முளைத்திருக்காது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் 1960களில் சென்னைப் பகுதியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் போன்றவை எழுந்தன, இன்றைய வாகனத் தலைநகரத்துக்கு அடித்தளம் அவைதான் என்பது அந்த வாதம். முழுக்கச் சரி. பாதுகாப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கெடு வைக்காத பாதுகாப்பைத்தான் குறை சொல்கிறேன். கொரியாவைப் பாருங்கள். அவர்களும் வெளிநாட்டு காருக்குக் கதவைச் சாத்தினார்கள். அவர்களும் இத்தாலியைத் தேடிப் போனார்கள்; ஹூண்டாயின் முதல் சொந்த கார் போனியை வரைந்தவர் துரின் நகரத்து ஜியூஜியாரோ, எஞ்சின் மிட்சுபிஷியுடையது. ஆனால் வரைபடத்தோடு வேலையையும் கற்றுவர ஹூண்டாய் தன் பொறியாளர்களை துரினுக்கு அனுப்பியது. 1975 கடைசியில் போனி தயாரானது, அடுத்த ஆண்டே தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்று அரசு நெருக்கியது. 1991இல் அவர்களிடம் சொந்த எஞ்சின் இருந்தது. 1998இல் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ நம் தெருக்களில் ஓடியது. பத்மினி தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு நாடும் கதவைச் சாத்தின. ஒரு நாடு மட்டும் உள்ளே உட்கார்ந்து படித்தது.

பழியை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டலாமா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். கட்ட முடியாது. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கு உரிமம், வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்க அனுமதி, போதாக்குறைக்கு 1969இல் கார் விலையையே அரசு நிர்ணயித்தது. பிரீமியர் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. லாபத்தை நறுக்கிவிட்டுப் புது வடிவம் எங்கே என்று கேட்பது நியாயமில்லை. ஆகவே பாடம் இரு தரப்புக்கும் பொது. வெளியாரைத் தடுத்துவிட்டு உள்ளே இருப்பவரின் கையையும் கட்டிப்போடுகிற அரசு தொழிலை வளர்க்கவில்லை, ஊறுகாய் போட்டு வைக்கிறது. ஜாடி திறந்ததும் என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். 1996இல் பிரீமியரும் பியட்டும் சேர்ந்து ஊனோ காரை அறிவித்தபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டினார்கள். பெயர்மீது மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. வேலைநிறுத்தமும் தாமதமும் சேர்ந்து வண்டி கையில் கிடைக்கவில்லை, நம்பிக்கை போனது. இத்தனைக்கும் இத்தாலியப் பொறியியல் தோற்கவில்லை: மாருதி ஸ்விஃப்ட் முதல் டாடா விஸ்டா வரை பல டீசல் கார்களில் 2020 வரை துடித்தது பியட்டின் 1248 சிசி எஞ்சின்தான். நெடுஞ்சாலையில் பறந்த வாடகை டிசையர்களை ஓட்டியதும் அதுவே.

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம். இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதே 1920களில் வெளிநாட்டுத் தீப்பெட்டிமீது விழுந்த இறக்குமதி வரியின் நிழலில்தான். பிறகு கையால் செய்யும் சிறு ஆபீஸ்களுக்கு நெடுங்காலம் வரிச் சலுகை இருந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்தது. ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில், பதினான்கு ஆண்டு கழித்து. அட்டை, மெழுகு, குளோரேட் விலையெல்லாம் ஏற, பெட்டி விலை மட்டும் நின்ற அந்தக் காலத்தில் சிறு முதலாளி புது இயந்திரத்துக்கு எங்கே போவார்? காரும் தீப்பெட்டியும் ஒன்றா, இது ஆயிரக்கணக்கான பெண்களின் அன்றாடக் கூலி ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அதனால்தான் அவசரம் கூடுகிறது. பத்மினிக்குக் காலம் முடிந்தபோது பணக்காரர் வேறு கார் வாங்கிக்கொண்டார். தீப்பெட்டிக்குக் காலம் முடிந்தால் குச்சி அடுக்குகிறவருக்கு வேறு ஆபீஸ் காத்திருக்காது.

எனவே லைட்டர் தடையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்; அதற்கு ஒரு கெடுவும் வேலைத்திட்டமும் கேட்க வேண்டும். ஐந்தாண்டு என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சிறு ஆபீஸ்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொது இயந்திரக்கூடம், ஏற்றுமதிக்கேற்ற பெட்டியும் தரச்சோதனையும், பெண் தொழிலாளர்களுக்கு இயந்திரம் இயக்கும் பயிற்சி ஆகிய மூன்றும் நடந்தாக வேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு நடந்தது என்று அரசும் உற்பத்தியாளர் சங்கங்களும் பொதுவில் கணக்குக் காட்ட வேண்டும். நடக்காத ஆண்டில் சலுகை குறைய வேண்டும். நடந்த ஆண்டில் கடன் வட்டி குறைய வேண்டும். இந்தத் தொழிலைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஊர், டெல்லி நிபந்தனை விதிக்கும்வரை காத்திருக்காமல் அதைத் தானே எழுதிக்கொண்டு போய் நீட்டினால், அடுத்த முறை வரிக்காகவோ தடைக்காகவோ பேசும்போது அதன் சொல்லுக்கு எடை கூடும்.