மஸ்டர் ரோலில் இல்லாதவர்கள்

தில்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றால் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. மற்றவர்களுக்கு பிர்லா மந்திர். காற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இங்கே இன்னொன்றும் உண்டு. தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கண்காணிப்பு நிலையம் ஒன்று இந்தச் சாலையில்தான் இருக்கிறது. காற்றில் நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் என்று இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கும் நிலையம். குளிர்காலக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று தாய்மார்கள் செல்போனில் பார்ப்பது இப்படிப்பட்ட நிலையங்கள் தரும் எண்ணைத்தான்.

அந்த எண்ணைக் குறைக்க முப்பது ஆண்டுகளாக உத்தரவுகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றை எதிர்ப்பது என் நோக்கமல்ல. இந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்கும் எவரும் எதிர்க்க மாட்டார்கள். என் புகார் வேறு. புகைக்கு இருக்கும் கணக்கு, அந்தப் புகையோடு சேர்ந்து போன வேலைகளுக்கு இல்லை.

பிர்லா மந்திரிலிருந்தே தொடங்கலாம். 1939-ல் காந்திஜி அதைத் திறந்து வைத்தபோது, கட்டிய குடும்பத்தின் பஞ்சாலை ஒன்று வட தில்லியில் கமலா நகர் பக்கம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜூலை 8-ம் தேதி 168 ஆலைகளை அபாயகரமானவை என்று சொல்லி, நவம்பர் 30-க்குள் தில்லியில் மூடச் சொன்னது. அந்தப் பட்டியலில் பிர்லா ஆலையும் இருந்தது. ஸ்வதந்த்ர பாரத் மில்லும் இருந்தது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தொழிலாளியை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையோடு வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் போனஸ். புது இடத்தில் ஆலை ஓடத் தொடங்கும் வரை சம்பளம் நிற்கக் கூடாது. இடம் மாறாமல் மூடிவிடும் ஆலையின் தொழிலாளிக்குச் சட்டப்படியான நஷ்டஈட்டுக்கு மேல் ஓராண்டுச் சம்பளம் என்றிருந்ததை அதே ஆண்டு டிசம்பரில் ஆறாண்டாக உயர்த்தியது. இந்தியாவில் சுற்றுச்சூழலுக்காக மூடப்பட்ட ஆலைகளுக்கு இவ்வளவு தாராளமான உத்தரவு பிறகு வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்த தொழிலாளி யார்? மஸ்டர் ரோலில் பெயர் இருப்பவர். பதிலி ஆள், காண்டிராக்டரின் ஆள், ஆலை வாசலில் டீ விற்றவர், மூட்டை தூக்கியவர் இவர்களுக்கெல்லாம் அந்த ஆறாண்டில் ஒரு நாள்கூடக் கிடையாது. பெயர் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பிர்லா ஆலை ஹிமாசலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊருக்குப் போனது. கூடப் போவதா, விட்டுவிடுவதா? பிள்ளைகள் தில்லியில் படிக்க, மனைவி நாலு வீட்டில் வேலை செய்ய, ஒருவர் மட்டும் மலையடிவாரத்துக்குப் பெட்டி கட்டுவது எளிதல்ல. 2000 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளிலிருந்த சிறு பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தபோது தில்லி பற்றி எரிந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அடுத்து மின்சாரம். நகருக்குள்ளேயே நிலக்கரி எரித்த இந்திரப்பிரஸ்தா, ராஜ்காட் மின்நிலையங்கள் நின்றன. 1973-ல் தொடங்கிய 705 மெகாவாட் பதர்பூர் நிலையம் 2018 அக்டோபர் 15-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. சாம்பல் குட்டை இருந்த இடத்தில் பூங்கா அமைக்கும் திட்டம் வந்தது. நல்லதுதான். நடத்தியது மத்திய அரசின் என்.டி.பி.சி. என்பதால் நிரந்தர ஊழியருக்கு வேறு மாநிலத்தில் ஒரு மேஜை கிடைக்கும். சாம்பல் அள்ளியவருக்கு அப்படி எந்த ஊரிலும் மேஜை இல்லை.

இந்த வித்தியாசத்தை இன்னும் அருகில் பார்க்க வேண்டுமானால் 2023 ஜனவரி 1-ஐப் பாருங்கள். அன்றிலிருந்து தலைநகர்ப் பிரதேசம் முழுவதும் தொழிற்சாலைகள் நிலக்கரி எரிக்கக் கூடாது என்று காற்றுத்தர மேலாண்மை ஆணையம் தடை போட்டது. (அனல் மின்நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. ஏன் என்று கேட்டால், மின்சாரம் வேண்டாமா என்பார்கள்.) ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் நிலக்கரியில் ஓடினால் லாரியிலிருந்து கரி இறக்க ஆள் வேண்டும், உடைத்துச் சலிக்க வேண்டும், அடுப்பில் தள்ள வேண்டும், சாம்பலை வாரி வெளியே கொண்டுபோக வேண்டும். குழாயில் இயற்கை எரிவாயு வந்துவிட்டால் வால்வைத் திருகினால் போதும். சான்றிதழ் பெற்ற பாய்லர் ஆபரேட்டர் சட்டப்படி தேவை, அவர் தங்குவார். மற்றவர்கள் போவார்கள். அவர்களைப் பட்டறை முதலாளி வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. காண்டிராக்டரிடம் 'நாளையிலிருந்து ஆள் வேண்டாம்' என்றால் முடிந்தது. எந்த ரிஜிஸ்தரிலும் அது ஆட்குறைப்பாகப் பதிவாகாது.

தில்லிக்கு மட்டுமான கதையும் அல்ல இது. நெய்வேலியில் சோவியத் உதவியோடு 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அங்கே ஒன்பது யூனிட்டுகள், மொத்தம் 600 மெகாவாட். அதற்கு மாற்றாக வந்த புது நிலையத்தில் இரண்டே யூனிட்டுகள், 1,000 மெகாவாட். மின்சாரம் அதிகம், பார்த்துக்கொள்ள வேண்டிய இயந்திரம் குறைவு.

சூரிய ஒளி வேலை தரும் என்கிறது அரசு. தரும். 2024-ல் அறிவித்த வீட்டுக் கூரை சூரியமின் திட்டத்தால் 17 லட்சம் நேரடி வேலைகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் யாருக்கு, எங்கே? கமுதியில் 648 மெகாவாட் பூங்கா நிற்கிறது. நெய்வேலியிலிருந்து அது கூப்பிடு தூரமில்லை. பலகைகளைப் பொருத்தும் மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி. பொருத்தி முடிந்தபின் துடைக்கவும் காவல் காக்கவும் கொஞ்சம் பேர். 'சூர்யமித்ரா' பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் கேட்கிறார்கள். இருபது வருடம் கரி தள்ளிய 45 வயதுக்காரர் எந்த ஐ.டி.ஐ.க்குப் போவார்?

ஜெர்மனி 2020-ல் நிலக்கரியை விடுவதென்று சட்டம் போட்டபோது, சுரங்க மாவட்டங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை தரவும் கூடவே சட்டம் போட்டது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, சரி. இங்கே 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மறுபயிற்சி நிதி ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 15 நாள் சம்பளம் அதில் போட வேண்டும். பதினைந்து நாள்! 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆறு வருடம் என்றது. அந்த 15 நாளும் ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குத்தான். 'நாளையிலிருந்து ஆள் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பப்பட்ட காண்டிராக்ட் ஆளுக்கு அதுவும் எட்டாது.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. அடுத்த முறை ஆணையம் ஓர் எரிபொருளைத் தடை செய்யும்போது, தேதி குறிப்பதற்கு முன் அந்தந்தப் பேட்டையில் காண்டிராக்டரின் ஆட்கள் உட்பட எத்தனை பேர் அந்த எரிபொருளை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று பெயரோடு எண்ணட்டும். உத்தரவோடு அந்தப் பட்டியலையும் வெளியிடட்டும். எரிவாயுக் குழாய் பதிக்கும் நிறுவனத்துக்கும், கூரையில் சூரியப் பலகை மாட்டும் ஏஜென்சிக்கும் வேலை தரும்போது முதலில் இந்தப் பட்டியலிலிருந்து ஆள் எடு என்று நிபந்தனை போடட்டும். காற்றை மணிக்கு மணி அளக்கத் தெரிந்த ஊரில் இது ஒரு மாத வேலை.