பூச்சி வளர்க்கவா படிக்க வைக்கிறது?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கப் போகிறேன், மீன் குஞ்சுக்கு உயிர் இரை வளர்க்கும் வேலை பிடித்திருக்கிறது என்று நம் குடும்பக் குழுவில் ஒரு பெண் எழுதினாள். "கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளர்க்கவா பொம்பளப் பிள்ளையப் படிக்க வைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள்!

அது பூச்சி இல்லை ஐயா. ரோட்டிபர். நீளம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை.

மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 2010இல் கடல்விராலையும் 2011இல் பாம்பனோவையும் குஞ்சு பொரிக்க வைத்ததைச் சாதனை என்று பகிர்கிறீர்கள். சாதனைதான். ஆனால் முட்டையிட வைப்பது பாதி வேலை. பொரித்த மூன்றாம் நாள் வாக்கில் குஞ்சுக்கு வாய் திறக்கும். வயிற்றோடு வந்த கரு உணவும் தீர்ந்துவிடும். தூள் தீவனத்தைத் தொடாது, நீந்துகிற இரைதான் வேண்டும். ஆர்ட்டீமியா குஞ்சுகூட அந்த வாய்க்குப் பெரிது. அன்றைக்கு ரோட்டிபர் இல்லையென்றால் தொட்டி முழுக்கச் சாவுதான்.

கணக்குப் போடுங்கள். 1,000 லிட்டர் தொட்டியில் பத்து லட்சம் மில்லி. மில்லிக்கு 10 ரோட்டிபர் என்றால் ஒரு கோடி! தின்னத் தின்ன நிரப்ப வேண்டும், அதுவும் நாள்தோறும், ஞாயிறு பொங்கல் எதுவும் கிடையாது. ரோட்டிபருக்கு இரையாகப் பாசியை முன்கூட்டியே வளர்த்திருக்க வேண்டும். வேறு நுண்ணுயிர் புகுந்தால் ஒரே இரவில் வளர்ப்பு மொத்தமும் சரிந்துபோகும்.

ஜப்பானில் விலாங்குக் குளங்களில் பாசியைத் தின்று தீர்த்துத் தண்ணீரைக் கெடுக்கிறது என்று இதை ஒழிக்கத்தான் முதலில் பார்த்தார்கள். 1960 வாக்கில் இத்தோ என்ற ஆய்வாளர் இதைக் கடல்நீரில் வளர்த்து மீன் குஞ்சுக்கு இரையாக்கலாம் என்று காட்டினார். பிறகு மலிவாக இருக்கட்டும் என்று ரொட்டி ஈஸ்ட்டை மட்டும் போட்டு வளர்த்தார்கள். ரோட்டிபர் பெருகியது; அதைத் தின்ற குஞ்சுகள் செத்தன. ஈஸ்ட்டில் ஒமேகா-3 கொழுப்பு இல்லை, குஞ்சுக்கு அது இல்லாமல் முடியாது. இதைக் கண்டுபிடித்ததும் நீங்கள் சிரித்த அதே படிப்புதான்.

வேலை நிரந்தரமா, சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. நுண்ணோக்கி முன் உட்கார்ந்து ரோட்டிபர் எண்ணுகிறவருக்கு ஒப்பந்தக் கூலி கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. அதைக் கண்டித்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேலி வேண்டாம். கொடுவா வறுவலை இரண்டு துண்டு கூடக் கேட்டு வாங்குகிற வாய் நம்முடையது.

அந்தப் பெண்ணின் அப்பாவும் என் மாணவர்தான். தம்பி, விருத்தாசலத்து மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில்தான் கடல் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சேர்க்கை முடிவதற்குள் மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் போய் வா. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மங்கலம்பேட்டையிலிருந்து நானே வருகிறேன்.