பசங்க விமானம் விட ஒரு திடல் கொடுங்க, ஒரு கோடும் போட்டுக் கொடுங்க

1/ ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம். "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. வெட்டுப்பட்ட விரல், அடிபட்ட கண், பேட்டரித் தீக்காயம். மூணும் கடைசியில எங்க டேபிளுக்குத்தான் வரும்.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பொழுதுபோக்கைத் தடை செய்யணும்னு நான் சொல்ல வரல. காரைக்காலில் இதுக்குன்னு ஒரு திடல் வேணும். அந்தத் திடலில் ஒரு கோடும், நாலு விதியும் வேணும். ஏன்னு கீழே சொல்றேன்.

3/ நம்ம ஊர் சின்ன ஊர்தான். ஆனா திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கு, நெடுங்காட்டில் காமராஜர் பொறியியல் கல்லூரி இருக்கு. மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் இன்னைக்குக் கூரியர்ல வீட்டு வாசலுக்கே வருது. சன்போர்டு வாங்கி, யூடியூப் பார்த்து, பத்தாவது படிக்கிற பையன்கூட விமானம் செஞ்சுடறான். உண்மையிலேயே நல்ல விஷயம் இது.

4/ செஞ்சதைப் பறக்கவிட எங்கே போவான்? கடற்கரைக்குத்தான். ஞாயிறு சாயங்காலம் அரசலாறு முகத்துவாரம் பக்கம் போயிருக்கீங்களா? குழந்தைங்க, சுண்டல் விக்கிறவங்க, குடும்பம் குடும்பமா ஜனங்க. அத்தனை பேர் தலைக்கு மேல.

5/ "தெர்மாகோல் மாதிரி இருக்கு, இது என்ன செஞ்சிடும்?" என்று கேட்கிற பெற்றோருக்கு ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுத்தினா, அதோட நுனி மணிக்கு கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் வேகத்துல போகுது. நீங்க பார்க்கிறது ஒரு மங்கலான வட்டம். உள்ள இருக்கிறது கத்தி.

6/ இன்னொரு கணக்கு. ஒன்றரை கிலோ விமானம் மணிக்கு 60 கி.மீ.ல வந்தா அதோட ஆற்றல் சுமார் 208 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் 140 கி.மீ.ல போடுற கிரிக்கெட் பந்துக்குச் சுமார் 121 ஜூல். பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட், பேடு, கிளவுஸ் உண்டு. கடற்கரையில மணல் வீடு கட்டுற பாப்பாவுக்கு என்ன இருக்கு?

7/ ப்ரொப்பெல்லர் காயம் பிளேடு பட்ட காயம் மாதிரி ஒரே கோடா இருக்காது. ஒரு நொடிக்குள்ள நாலைஞ்சு தடவை வெட்டும். பக்கத்துப் பக்கத்துல வரிவரியா காயம். பெரும்பாலும் விரல்லயும் உள்ளங்கையிலயும்தான் படும், ஏன்னா விமானத்தைக் கையில பிடிச்சிருக்கும்போதோ, பேட்டரி மாட்டும்போதோதான் மோட்டார் திடீர்னு சுத்தும்.

8/ உள்ளங்கை மேல் ரேகையிலிருந்து விரலோட நடு எலும்பு வரைக்கும் இருக்கிற பகுதிக்கு, கை அறுவை சிகிச்சையில 'நோ மேன்ஸ் லேண்ட்'னு பழைய பேர் ஒண்ணு உண்டு. விரலை மடக்குற ரெண்டு தசைநாரும் அங்கே ஒரே குறுகலான உறைக்குள்ள ஓடுது. அது அறுந்தா தைக்கலாம். ஆனா தைச்ச இடம் ஒட்டிக்கிட்டு விரல் மடங்காமப் போகிற ஆபத்து அதிகம். மாசக்கணக்கில் பிசியோதெரபி. வலது கை ஆள்காட்டி விரல்னா எழுத்து, வேலை எல்லாமே அடி வாங்கும்.

9/ அப்படி நடுராத்திரியில விரலை முழுசா சரிபண்ண எங்க போவீங்க? புதுச்சேரி சுமார் 130 கி.மீ. சென்னை அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. டெல்டா ஓரத்துல இருக்கிற நமக்கு, விபத்தைத் தடுக்கிறதுதான் மலிவான வைத்தியம்.

10/ வெளிநாட்டுல நடந்த ரெண்டு சம்பவம் சொல்றேன். 2013 செப்டம்பர்ல நியூயார்க் புரூக்ளின்ல 19 வயசு இளைஞர் ஒருத்தர், தான் ஓட்டிக்கிட்டிருந்த ஆர்.சி. ஹெலிகாப்டரோட இறக்கை தலையில பட்டு அங்கேயே இறந்தார். அனுபவம் உள்ளவர். அந்தப் பூங்காவும் ஆர்.சி. பறக்கவிட அனுமதி உள்ள இடம்தான்.

11/ 2015ல இங்கிலாந்து வொர்செஸ்டர்ஷயர்ல, ஒரு வீட்டுத் தோட்டத்துல குடும்ப நண்பர் ட்ரோன் விட்டார். மரத்துல உரசிச் சுழன்று வந்தது. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒரு கண் போச்சு. ஓட்டினவர் கெட்டவர் இல்ல, குடிச்சிருக்கவும் இல்ல. இடம் தப்பு, தூரம் தப்பு, அவ்வளவுதான்.

12/ இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. தோட்டத்துல விட்டாலும் ஆபத்து, ஒதுக்கின பூங்காவுல விட்டாலும் தூரம் காக்கலன்னா ஆபத்து. அதனாலதான் திடல் மட்டும் போதாது, கோடும் வேணும்னு சொல்றேன். அது என்ன கோடு?

13/ உலகம் பூரா மாடல் விமான கிளப்புகள் ஏறக்குறைய ஒரே அமைப்பைத்தான் வச்சிருக்கு. முன்னாடி ஓடுபாதை. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னாடி விமானம் ஓட்டுறவங்க வரிசையா நிப்பாங்க. அவங்களுக்குப் பின்னாடி விமானம் பழுது பார்க்கிற இடம். அதுக்கும் பின்னாடி வேடிக்கை பார்க்கிறவங்க, வண்டி நிறுத்தம். பறக்கிற விமானம் கோட்டைத் தாண்டி ஜனங்க பக்கம் வரவே கூடாது. மொத்தப் பாதுகாப்பும் இந்த ஒரு கோட்டுல அடங்கியிருக்கு.

14/ 1936ல தொடங்கின அமெரிக்காவோட மாடல் விமான அமைப்பு, ஏ.எம்.ஏ., ஓட்டுறவரையும் உதவியாளரையும் தவிர வேற யாருக்கும் 25 அடிக்குள்ள விமானம் வரக் கூடாதுன்னு சொல்லுது. அது குறைந்தபட்சம். நம்ம ஊர்ல ஆர்வத்துல குழந்தைங்க ஓடி வரும். நான் 100 அடி கேட்பேன்.

15/ மீதி விதிகள் எல்லாம் பழக்கம்தான்:
– முதல்ல ரிமோட்டை ஆன் பண்ணணும், அப்புறம்தான் விமானத்துல பேட்டரி. கழட்டும்போது தலைகீழ்.
– வீட்டுல மேசை மேல வச்சுச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழட்டிடணும்.
– சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஃபெயில்சேஃப் போட்டிருக்கணும்.
– தனியாப் போகக் கூடாது. வானத்தையும் ஜனங்களையும் பார்க்க ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.
– "லேண்டிங்!"னு சத்தமா சொல்லிட்டுத்தான் இறக்கணும்.
– குடிச்சிட்டு ரிமோட்டைத் தொடவே கூடாது.

16/ பேட்டரிக்குத் தனியா ஒரு ட்வீட். லைப்போ பேட்டரி உப்பியிருந்தா அதோட ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. மெத்தை மேல, மரக்கட்டில் பக்கத்துல வச்சு சார்ஜ் பண்ணாதீங்க. பக்கத்துல ஒரு வாளி மணல். தீப்பிடிச்சா அந்தப் புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கலாம், நுரையீரலைப் புண்ணாக்கும். பேட்டரியைக் காப்பாத்தப் போகாதீங்க, ஆளைக் காப்பாத்துங்க.

17/ சரி, சட்டம் என்ன சொல்லுது? 2021 ட்ரோன் விதிகள்ல மாடல் விமானத்துக்குத் தனி வரையறையே இருக்கு: 25 கிலோவுக்கு மிகாம, படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்குத் தெரியும் தூரத்துல மட்டும் ஓட்டுறது. இதுக்கு டைப் சர்ட்டிஃபிகேட் தேவையில்ல. 2 கிலோ வரைக்கும் வியாபார நோக்கமில்லாம ஓட்டினா பைலட் சான்றிதழும் தேவையில்ல.

18/ ஆனா வானம் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருக்கு. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்ல. மஞ்சள், சிவப்புல அனுமதி இல்லாமப் பறக்க முடியாது. விதியை மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். கிளம்புறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்க. நம்ம பக்கம் துறைமுகம் இருக்கு. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றுல லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அந்த இடங்கள் பக்கமே போகாதீங்க.

19/ அப்போ நம்ம ஊர்ல எங்கதான் விடறது? கடற்கரை ஏன் சரிப்படாதுன்னா காரணம் கூட்டம் மட்டுமில்ல, காத்தும்தான். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து கரையைப் பார்த்து அடிக்கும். மோட்டார் நின்னா விமானம் நேரா ஜனங்க மேல. காலையில தரைக்காத்து கடலைப் பார்த்துப் போகும், விமானம் தண்ணியில. பையன் அதை எடுக்க முகத்துவாரத்துல இறங்குவான். 3,000 ரூபாய் விமானத்துக்கு ஒரு உயிர். இதை நினைச்சாதான் எனக்குப் பயமே.

20/ வயல்? சம்பா அறுப்பு முடிஞ்சா பரந்த வெளி கிடைக்கும், உண்மை. ஆனா நம்ம டெல்டாவுல அறுப்புக்கு முன்னாடியே உளுந்தும் பயறும் தெளிச்சிருப்பாங்க. காலியா இருக்கிற மாதிரி தெரியும், உள்ள முளை இருக்கும். விவசாயியைக் கேட்காம ஓடிப்போய் மிதிக்காதீங்க. மேல மின்கம்பி வேற. விமானம் கம்பியில மாட்டினா மூங்கிலோ இரும்புக் கம்பியோ வச்சு எடுக்கவே எடுக்காதீங்க. மின்துறைக்குச் சொல்லுங்க, இல்லன்னா விமானத்தை மறந்துடுங்க.

21/ ஒரு பையனுக்கு விரல்ல தையல் போட்டுக்கிட்டிருந்தேன். நல்லவேளை, தோலோட போச்சு. வழக்கமான அட்வைஸ் ஆரம்பிச்சேன்: அங்க விடாத, இங்க விடாத. அவன் மெதுவா கேட்டான்: "அப்ப எங்க சார் விடறது?" கிரிக்கெட் ஆடறவனுக்கு மைதானம் காட்டலாம், நீச்சல் பழகுறவனுக்குக் குளம் காட்டலாம். இவனுக்குக் காட்ட நம்ம மாவட்டத்துல ஒரு இடம் இல்ல.

22/ தடை போட்டா முடிஞ்சுடுமான்னா, மாஞ்சா நூலைப் பாருங்க. நைலான் மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017லயே நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. அதுக்கப்புறமும் கழுத்து அறுபட்ட செய்தி வந்துகிட்டேதான் இருக்கு. மறைஞ்சு செய்யுற பையனுக்கு யாரும் விதி சொல்லித் தர மாட்டாங்க. திடல்ல நிக்கிற பையனுக்குப் பக்கத்துல ஒரு அண்ணன் இருப்பான்.

23/ இதனால என்ன பிரயோஜனம்னு கேட்கிறவங்களுக்கு: சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களோட தக்‌ஷா அணியை ஞாபகம் இருக்கா? நடிகர் அஜித்குமார் ஆலோசகரா இருந்தாரே, அதே அணி. 2018ல ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துல நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில ரெண்டாவது இடம். போட்டியே, எட்டாத இடத்துக்கு ஆளில்லா விமானத்துல மருத்துவ உதவி கொண்டு போறதுதான். வெள்ளம் சூழ்ந்தா ஊர் ஊரா துண்டாகிற டெல்டாவுக்கு அந்த மாதிரி பசங்க தேவை.

24/ அதனால என் கோரிக்கை சின்னது. மாவட்ட நிர்வாகமும் கொம்யூன் பஞ்சாயத்தும் மின்கம்பி, வீடு, ரோடு பக்கத்துல இல்லாத ஒரு புறம்போக்கு இடத்தைப் பாருங்க. தினமும் வேண்டாம், ஞாயிறு காலை 6லிருந்து 9 வரைக்கும் போதும். இல்லன்னா கல்லூரி மைதானத்தை லீவு நாள்ல திறந்து விடுங்க. என்.சி.சி. விமானப் பிரிவுல ஏரோமாடலிங் ஒரு பயிற்சியாவே இருக்கு. அந்தப் பயிற்றுநர்களைக் கூப்பிடுங்க.

25/ செலவு? ஒரு மூட்டை சுண்ணாம்பு, கோடு போட. தமிழ்ல விதி எழுதின ஒரு பலகை. ஒரு வாளி மணல். ஒரு முதலுதவிப் பெட்டி. முதலுதவி வகுப்பு நானே எடுக்கிறேன், காசு வேண்டாம். ஒரு விரலை ஒட்டவைக்க ஆகிற செலவுல பத்துத் திடல் நடத்தலாம்.

26/ கடைசியா, சேமிச்சு வச்சுக்க வேண்டிய ட்வீட்.
வெட்டுக்காயம்: சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க, கையை மேல தூக்குங்க. மோதிரம் இருந்தா உடனே கழட்டுங்க. விரல் அடியில நூல், ரப்பர் பேண்ட் கட்டாதீங்க. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். டி.டி. ஊசி மறக்காதீங்க.

27/ விரல் துண்டாயிட்டா: சலைன்ல நனைச்ச சுத்தமான துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. விரல் நேரா ஐஸ் மேல படக் கூடாது. பாதி தொங்கினா வெட்டிடாதீங்க.
கண்: தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, குத்தியிருக்கிறதைப் பிடுங்காதீங்க. பேப்பர் கப்பால மூடிக் கூட்டிட்டு வாங்க. சாப்பிட எதுவும் தராதீங்க.
தீக்காயம்: ஓடுற தண்ணியில 20 நிமிஷம். பேஸ்ட், இங்க் கூடவே கூடாது.
எல்லாத்துக்கும் 108.

28/ பெற்றோருக்கு ஒண்ணு. ரிமோட்டைப் பிடுங்கி அலமாரியில பூட்டாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவனோட போங்க. ஜனங்க இல்லாத இடமான்னு பாருங்க, கோடு எங்கன்னு கேளுங்க. கோடு இல்லன்னா உங்க செருப்பால மணல்ல ஒண்ணு போடுங்க. அதுக்குப் பின்னாடி நின்னு பறக்கிறதைப் பாருங்க, உங்களுக்கும் பிடிச்சுப்போகும்.

29/ காரைக்கால்ல இதுல ஆர்வம் உள்ளவங்க, இடம் தெரிஞ்சவங்க, கல்லூரி ஆசிரியர்கள் கமென்ட்ல வாங்க. பத்துப் பேர் சேர்ந்தா கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிடலாம். முதல் கையெழுத்து என்னது.