ஃபைல் திறந்தால் மட்டும் போதுமா?

சாரல் சீசனில் குற்றாலம் வந்தால் ஐந்தருவியில் குளிப்பதுதான் என் வழக்கம். சென்ற முறை இரண்டு நாட்கள் கம்ப்யூட்டர் முன்னால் போய்விட்டன. எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் சித்தப்பா மகள் ஒரு புரதத்தின் படத்தைக் காட்டி, "அண்ணே, இதுக்குள்ள இவ்வளவு கால்சியம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் புரதத்தில் கால்சியமே கிடையாது. கொண்டுபோய்ப் போட்டவன் நான்தான்!

நடந்தது இதுதான். ஆய்வுக்கூடத்திலிருந்து அவள் கொண்டுவந்த ஃபைல், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரில் திறக்கவில்லை. "இது என்ன பெரிய விஷயம்?" என்று அரை மணி நேரத்தில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். ஃபைல் திறந்தது, படமும் வந்தது. ஆனால் தவறான படம். அவள் கவனித்திருக்காவிட்டால் அது அப்படியே புராஜக்ட் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மூலக்கூறு ஃபைல்களில் பெரும்பாலானவை வெறும் எழுத்தும் எண்ணும்தான். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். மிக எளிமையானது எக்ஸ்ஒய்இசட் வடிவம். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் அணுக்களின் எண்ணிக்கை 3. இரண்டாவது வரியில் நீங்கள் விரும்பும் பெயர். அடுத்த மூன்று வரிகளில் ஒவ்வொரு அணுவின் குறியீடும் அது இருக்கும் இடமும்: ஆக்சிஜன் 0, 0, 0; ஹைட்ரஜன் 0.757, 0.586, 0, இன்னொரு ஹைட்ரஜன் -0.757, 0.586, 0. அவ்வளவுதான், 104.5 டிகிரி கோணத்தில் தண்ணீர் தயார். அளவு ஆங்ஸ்ட்ராமில், ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும்.

இதில் எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்ற தகவலே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? திரையில் தெரியும் குச்சிகள், தூரத்தை வைத்து சாஃப்ட்வேர் போடும் ஊகம். அளவிலும் சிக்கல் உண்டு. சில கணக்கீட்டு புரோகிராம்கள் போர் என்ற அலகில் எழுதும். ஒரு போர் என்பது 0.529 ஆங்ஸ்ட்ராம். அலகை மாற்றாமல் படித்தால் மூலக்கூறு ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கிவிடும்.

ஒரு இடைவெளியின் விலை

நான் மாட்டிக்கொண்டது பிடிபி வடிவத்தில். 1971ல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க்கின் பழைய வடிவம் இது. துளை அட்டைக் காலத்துப் பழக்கத்தில், ஒரு வரிக்கு 80 எழுத்துகள். எது எந்த இடத்தில் வர வேண்டும் என்பது கண்டிப்பு. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் ஆல்ஃபா கார்பன் என்ற அணு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் குழுவினரும் 1963ல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம், இந்தக் கார்பனின் இரு பக்கமும் உள்ள சுழற்சிக் கோணங்களைப் பற்றியதே. பிடிபியில் இதன் பெயர் சிஏ. கால்சியத்தின் குறியீடும் சிஏதான்! 13வது இடத்தைக் காலியாக விட்டு 14ல் தொடங்கினால் கார்பன். 13லேயே தொடங்கினால் கால்சியம். தனிமத்தின் பெயரை எழுத 77, 78வது இடங்களும் உண்டு. நான் பெயரை 13ல் தொடங்கி, அந்த இரண்டு இடங்களையும் காலியாக விட்டுவிட்டேன். கால்சியத்தோடு கொஞ்சம் காட்மியமும் இலவசமாக வந்தது.

இந்த வடிவத்துக்கு வேறு எல்லையும் உண்டு. அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்தே இடங்கள். 99,999க்கு மேல் எண்ண முடியாது. சிதம்பரத்தில் பிறந்து 2009ல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு 2006ல் வெளியிட்ட முழு ரைபோசோம் அமைப்பை 4 ஃபைல்களாக வெட்டித்தான் வைக்க முடிந்தது. இப்படிப் பிரிந்து கிடந்த பெரிய அமைப்புகள் 2014ல்தான் எம்எம்சிஐஎஃப் என்ற புதிய வடிவத்தில் ஒன்றாயின. இதில் ஒவ்வொரு தகவலுக்கும் பெயர் உண்டு. இடைவெளியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் கருத்து

சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் "நூறு வகை ஃபைல் திறக்கும்" என்று பட்டியல் போடுவதோடு நிற்கக் கூடாது. எதைப் படித்தது, எதை ஊகித்தது என்று திரையில் சொல்ல வேண்டும். புரியாத வரி வந்தால் மௌனமாகத் தாண்டிப் போவதைவிட எரர் காட்டுவது எவ்வளவோ மேல். என்னைப் போல ஆளாளுக்கு ஒரு கன்வெர்ட்டர் எழுதவும் வேண்டாம். ஓப்பன் பேபல் என்ற இலவச சாஃப்ட்வேர் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை அறியும். பலர் பயன்படுத்திச் சரிபார்த்தது.

உங்களுக்கும் இரண்டு வார்த்தை. எந்த ஃபைலையும் மாற்றும் முன் ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்துத் தனியாக வையுங்கள். மாற்றிய பின் அணுக்களின் எண்ணிக்கை, தனிமங்கள், ஒரு பிணைப்பின் நீளம், இந்த மூன்றையும் சரிபாருங்கள். கடிதமோ கணக்கோ ஆனாலும் இதே பழக்கம் உதவும்.

தங்கையின் ஒரிஜினல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. அதனால்தான் மூன்றாம் நாள் நிம்மதியாக அருவிக்குப் போக முடிந்தது.