இரண்டாண்டுக் கல்வி இழிவானதா?

"பல்கலைக்கழகம் புக இயலாதோர்க்கு எறியப்படும் எலும்புத்துண்டே ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு" என்று எமது விடுதியில் நிகழ்ந்த விவாதமொன்றில் நண்பரொருவர் முழங்கினார். கேட்டிருந்தோர் பலர் கைதட்டினர். அக்கைதட்டலுக்கு மறுப்பாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் பொதுநிதியில் இயங்குபவை. குறைந்த கட்டணத்தில் அவ்வவ்வூர் மக்களுக்கு ஈராண்டுக் கல்வி வழங்குபவை. அவற்றுட் பலவற்றிற் போதிக்கப்படும் மிருக வைத்தியத் தொழினுட்பத்தை உதாரணமாகக் கொள்வோம். இத்துறைக்கான முதற் பயிற்சிநெறி 1961 இல் நியூயோர்க் மாநிலத்தின் டெல்ஹை என்னும் ஊரிலுள்ள அரச கல்லூரியில் தொடங்கிற்று. இன்று இத்தகைய பயிற்சிநெறிகளை அந்நாட்டு மிருக வைத்தியர் சங்கம் பரிசோதித்து அங்கீகரிக்கின்றது. உடற்கூற்றியல், மருந்தியல், ஒட்டுண்ணியியல் முதலியன பாடங்கள். குருதி எடுத்துச் சோதித்தல், எக்ஸ்-கதிர்ப்படம் பிடித்தல், மயக்கமூட்டப்பட்ட விலங்கின் சுவாசத்தையும் இதயத்துடிப்பையும் கண்காணித்தல் முதலியன கைப்பயிற்சிகள். பெரும்பாலான மாநிலங்களில் தேசியப் பரீட்சையிலும் சித்தியெய்தல் வேண்டும்.

நோயை நிர்ணயித்தல், மருந்து விதித்தல், சத்திரசிகிச்சை செய்தல் என்பன மிருக வைத்தியருக்கே உரியன, உண்மையே. ஆயின் வைத்தியரின் கண் கத்திமுனையிற் பதிந்திருக்கையில், விலங்கின் மூச்சைக் காத்துநிற்கும் கண் யாருடையது? அத்தொழினுட்பவியலாளருடையதே. அதனை அரைகுறை அறிவு என்போர், அறிவு யாதென அறியாதோரே.

எனினும் அமெரிக்காவைப் போற்றிப் பாடுதல் எம் நோக்கமன்று. 2023 ஆம் ஆண்டின் அந்நாட்டு அரச புள்ளிவிபரப்படி மிருக வைத்தியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 119,000 டொலர்; தொழினுட்பவியலாளரின் ஊதியமோ ஏறத்தாழ 44,000 டொலர் மாத்திரமே. நெடுங்காலம் கற்றவர் கூடுதலாகப் பெறுவதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஊதியம் போதாமையாற் பயின்றோர் பலர் தொழிலையே கைவிடுகின்றனர். ஏழைக்குக் கல்வியின் கதவைத் திறந்த சமுதாயம் ஊதியத்தின் கதவைப் பாதியிற் சாத்திவிட்டது. குறை கல்வியில் அன்று. உழைப்பை மதிக்கும் முறையிலேயே உள்ளது. அக்கல்வியை இகழ்வோர், அறிந்தோ அறியாமலோ, அக்குறைந்த ஊதியத்துக்கு நியாயம் கற்பிக்கின்றனர்.

எமது நிலை யாது? இதையொத்த கல்வி எம்மிடமும் உண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையிற் கால்நடை வளர்ப்பில் டிப்ளோமா வழங்கும் அரச பாடசாலை இயங்குகின்றது. எம்முள் எத்தனைபேர் அதன் பெயரையேனும் அறிவோம்? கால்நடை வளர்ப்புப் பயின்ற உத்தியோகத்தர்கள் கிராமங்கள்தோறும் சென்று பசுக்களுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்கின்றனர். பால் விற்று வாழும் குடும்பத்துக்கு அவர்களது வருகை எத்துணை பெறுமதியுடையது! பட்டம் பெற்றபின் வேலை கேட்டு வீதியில் அமர நேரிடும் கலைப்பீடத்தினராகிய நாமோ அவர்களை எள்ளி நகையாடுகின்றோம்.

நண்பர் மீண்டும் முழங்கட்டும். ஆயின் அதற்கு முன்னர் ஒரு நாளேனும் அத்தொழுவங்களுட் சென்று பார்த்து வரட்டும்.