பெயர்ப் பலகையும் பொறுப்பும்

பெங்களூரு அல்சூரில் பெயர்ப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. வண்ணச் சின்னமும் ஒற்றைச் சொல்லும் தாங்கிய பலகைகளின் கீழ், பொருள்களை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் இளைஞர்கள் இருசக்கர வாகனங்களோடு காத்து நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் விபத்தில் சிக்கினால், அல்லது அவருக்குரிய தொகை பிடித்துக்கொள்ளப்பட்டால், எவர்மீது வழக்குத் தொடுப்பது? வணிகப் பெயர் ஒன்று. சட்டத்தின் முன் நிற்கும் நிறுவனத்தின் பெயர் வேறொன்று. நாடறிந்த ‘ஓலா’ என்பது வணிகப் பெயரே. அதன் பின்னுள்ள நிறுவனம் ஏஎன்ஐ டெக்னாலஜிஸ் பிரைவேட் லிமிடெட்.

‘லிமிடெட்’ என்னும் சொல் மக்களுக்கான எச்சரிக்கை. நிறுவனம் நொடித்தாலும் பங்குதாரரின் பொறுப்பு, அவர் பங்குக்கு ஏற்ற தொகையோடு முடிந்துவிடும் என்பதே அதன் பொருள். 1855இல் இச்சலுகையை முதலாளிகளுக்கு வழங்கிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அச்சொல்லைப் பெயரின் இறுதியில் சேர்த்து வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டுமென நிபந்தனையும் விதித்தது. நமது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவும் அக்கடமையை விதிக்கிறது. தொழில் நடைபெறும் ஒவ்வோர் இடத்தின் வெளியிலும் நிறுவனத்தின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும், அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும், தெளிவாகத் தெரிய வேண்டும். மீறினால் தண்டத்தொகை நாளொன்றுக்கு 1,000 ரூபாய். அதுவும் 1 லட்சத்தைத் தாண்டாது. பெருமூலதனத்திற்கு இது விளம்பரச் செலவில் ஒரு துளி.

பெயர்ப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இடம்பெற வேண்டுமெனக் கர்நாடக அரசு 2024இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மாநில மொழிக்குரிய இடத்தைக் கோருவது நியாயமே. ஆனால், அக்கோரிக்கை உழைப்பாளி மக்களை மொழியால் பிளக்கும் கருவியாகிவிடக் கூடாது. மொழிப் பூசல் என்ன செய்யும் என்பதை அல்சூர் அறியும். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009இல்தான் அங்கே திறக்கப்பட்டது. வணிகச் சின்னத்தைக் கன்னடத்தில் எழுதிவிட்டு, பொறுப்பேற்க வேண்டிய நிறுவனத்தின் பெயரை மறைத்தால், கன்னடத் தொழிலாளிக்கோ தமிழ்த் தொழிலாளிக்கோ பயன் என்ன?

பலகை மட்டுமே உரிமையைப் பெற்றுத் தந்துவிடாது. தொழிலாளியைக் ‘கூட்டாளி’ என அழைத்து, வேலையளிப்பவர் என்னும் பொறுப்பையே மறுக்கும் தந்திரத்தை முறியடிக்க நீண்ட போராட்டம் தேவை. எனினும், எதிர்த்து நிற்பவரின் பெயரை அறிவது அப்போராட்டத்தின் முதற்படி. தொழிற்சங்கங்கள் தத்தம் பகுதிகளில் பலகைகளை ஆய்வுசெய்து, விதிமீறல்களை நிறுவனப் பதிவாளரிடம் முறையிட வேண்டும். ஒன்றிய அரசு தண்டத்தொகையை உயர்த்துவதோடு, இச்சட்டக் கடமையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தவும் வேண்டும்.