மண்ணுக்குள் இருப்பதையும் பார்த்து வாங்குங்கள்

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் பெரியோர். கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்! தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு ஜாசினிலோ, மெர்லிமாவிலோ, அலோர் காஜாவிலோ ஒரு பழைய வீடு வாங்க நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. வாங்கும்போது கூரையைப் பார்க்கிறோம். சுவரில் வெடிப்பு உண்டா என்று பார்க்கிறோம். வாசல் எந்தத் திசை என்றும் கேட்கிறோம். மண்ணுக்குள் இருக்கும் கழிவுத் தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

லயத்தில் இருந்தவரை அந்தக் கவலை நிர்வாகத்தைச் சேர்ந்தது. சொந்த வீட்டிலோ அது வீட்டுக்காரர் பொறுப்பு.

முதலில் கேட்க வேண்டியது, வீட்டுக்குத் தனித் தொட்டியா, பொதுக் குழாயா என்பது. புதிய தாமான்கள் பலவற்றில் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பழைய வீடுகளில் பெரும்பாலும் தனி செப்டிக் தொட்டிதான். மலாக்காவில் இச்சேவையைக் கவனிப்பது இண்டா வாட்டர் நிறுவனம். நாட்டின் கழிவுநீர்ச் சேவை 1993-இல் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. எது என்று அங்கே கேட்டறியலாம்.

தொட்டியில் கனமான கசடு அடியில் தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீர் வெளியேறும். கசடு நிறைந்துவிட்டால் அதுவும் நீரோடு சேர்ந்து கால்வாய்க்கோ மண்ணுக்கோ போய்விடும். பக்கத்தில் கிணறு இருந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வர அதுவே வழி. அதனால்தான் 2 ஆண்டுக்கு ஒரு முறை கசடை எடுக்கச் சொல்கிறார்கள். கடைசியாக எடுத்த ரசீதை விற்பவரிடம் கேளுங்கள். கட்டண பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்தது, தொட்டியின் மூடி எங்கே? சமையலறையை நீட்டிக் கட்டி, மூடியின் மேலேயே ஓடு பதித்துவிட்டவர்கள் உண்டு. அப்படியானால் கசடு எடுக்க லாரி வரும்போது தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

ஒரு நல்ல மழைக்குப் பிறகு வீட்டைப் போய்ப் பாருங்கள். கழிவறைகளில் தண்ணீரை ஊற்றுங்கள். நீர் மெல்ல இறங்கினாலும், கொல்லையில் நாற்றம் வந்தாலும், ஓரிடத்தில் மட்டும் மண் ஈரமாகிப் புல் செழித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். விவரம் தெரிந்த ஒப்பந்தக்காரரைக் கொண்டு மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீர், வெளியேறும் குழாயின் மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் அடைப்பு; வெகுவாகக் கீழே இருந்தால் தொட்டியில் கசிவு இருக்கலாம். நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், நெருப்புக் குச்சியும் கிழிக்காதீர்கள். உள்ளே இருப்பது உயிரைப் பறிக்கும் வாயு.

குறை தெரிந்தால் விற்பவரே சரிசெய்து தர வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். அதை வக்கீலிடம் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பத்து விழுக்காட்டு முன்பணத்தைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு தொட்டியும் உங்களுடையது, அதன் செலவும் உங்களுடையது.